ரோபோ கை வந்தபோது ஆட்களை வைத்தே சமாளித்த கதை

மலேசியாவில் பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சமையல் எண்ணெய் பேக்கிங் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். பெட்டி அடுக்க ரோபோ கை வந்ததும் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "எங்களை நிப்பாட்டிருவாங்களா?" நான் மழுப்பவில்லை. அடுக்கும் வேலை போகும், ஆள் போக மாட்டார் என்று மேலிடத்தில் எழுத்தில் வாங்கி நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன்.

அப்புறம்தான் தலைவலி. கை அடிக்கடி பெட்டியை நழுவவிட்டது. வந்த டெக்னீஷியன் புரோகிராமையே நோண்டிக்கொண்டிருந்தார். பல வருஷம் பெட்டி தூக்கிய அக்கா ஒருவர் தடவிப் பார்த்துவிட்டு, "டேப் சரியா ஒட்டல தம்பி, மூடி தூக்கி நிக்குது" என்றார். அதேதான். மூடி தூக்கி நின்றால், ரோபோ கை பெட்டியை உறிஞ்சிப் பிடிக்கும் கப்புக்குள் காற்று புகுந்து பிடி விட்டுப்போகும். டேப் மெஷின் உருளையைச் சரிசெய்து, கப்புகளைத் தினமும் துடைக்கவைத்தோம். நழுவுவது நின்றது.

அந்த அக்காவையே ரோபோவுக்குப் பொறுப்பாக்கினேன். பயிற்சிச் செலவுக்கு எச்ஆர்டி கார்ப் என்ற அரசு மனிதவளப் பயிற்சி நிதி அமைப்பு இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலை சம்பளத்தில் 1% லெவி (கட்டாயப் பயிற்சிக் கட்டணம்) கட்டுகிறதே, அதைக் கேட்டு வாங்கலாம்.

ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக்குள் போகுமுன் மின்சாரத்தை அணைத்துப் பூட்டி, சாவியை உள்ளே போகிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, முதலாளிக்கும்கூட.