டெல்டா இறக்கையின் சுழல்களைக் கண்ணாடித் தொட்டியில் காண்பது எப்படி

முக்கோண வடிவ டெல்டா இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் எதிர்கொள்ளும்போது, அதன் அடியிலிருந்து வரும் காற்று கூரிய முன்விளிம்பைச் சுற்றித் திரும்ப முடியாமல் பிரிந்து, இறக்கையின் மேற்புறத்தில் இரண்டு சுழல்களாகச் சுருண்டுகொள்கிறது. சுழலின் மையத்தில் அழுத்தம் குறைவதால் இறக்கை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. ஒலியை விஞ்சிப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் இந்தக் கூடுதல் தூக்குவிசையை நம்பியே தரையிறங்கியது. இதைக் கண்ணால் காணக் காற்றுச் சுரங்கம் வேண்டியதில்லை. சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் நான்கடி நீளத் தொட்டியே போதும். விளிம்பு கூர்மையாக இருந்தால், வேகம் எதுவானாலும் ஓட்டம் அந்த விளிம்பிலேயே பிரியும் என்பதால், மெதுவாக நகரும் நீரிலும் சுழலின் அடிப்படை வடிவம் மாறுவதில்லை.

இரண்டு மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில், உயரம் 12 செ.மீ., அடிப்பக்கம் 8.7 செ.மீ. உள்ள இருசமபக்க முக்கோணத்தை வெட்டுங்கள். இதன் பின்சாய்வு, அதாவது முன்விளிம்பு பின்னோக்கிச் சாயும் கோணம், 70 டிகிரி. இரு முன்விளிம்புகளையும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அரத்தால் சரிவாகத் தேய்த்து, உப்புத்தாளால் கத்திமுனை போல் ஆக்குங்கள். இந்த வேலையில் அவசரம் கூடாது. விளிம்பு மழுங்கியிருந்தால் பிரிவு எங்கே தொடங்கும் என்பது உறுதியாக இராது, பிறகு காண்பது எதையும் நம்ப முடியாது.

மாதிரியைத் தலைகீழாகத் தொங்கவிடுவதே நல்லது. சரிவாகத் தேய்த்த அடிப்புறம் மேலே பார்க்க, தாங்கும் கம்பியை அந்தப் பக்கத்தில் பொருத்தினால், மறுபக்கத்தில் உருவாகும் சுழல்களுக்குக் கம்பி இடையூறு செய்யாது. நடுவில் பலகையில்லாத உறுதியான இரும்புத் தாங்கியில் தொட்டியை வைத்தால், கீழிருந்து கைபேசியிலேயே படம் எடுக்கலாம்.

கம்பியைத் தொட்டியின் மேல் ஓடும் சிறு வண்டியில் பொருத்தி, வண்டியைக் காசிமேட்டில் கிடைக்கும் தங்கூசி நரம்பால் (நைலான் மீன்பிடி நரம்பு) இழுக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று சுற்றும் கியர் மோட்டாரில் 10 செ.மீ. விட்டமுள்ள உருளையை மாட்டினால், வேகம் விநாடிக்குச் சுமார் 5 செ.மீ. கிடைக்கும். கையால் இழுக்காதீர்கள், வேகம் சீராக இராது.

சாயத்துக்கு நீரில் உணவு நிறத்துடன் சிறிது பால் கலந்தால் இழை எளிதில் கலையாது. மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப் செட்டின் உருளைத் திருகால் ஓட்டத்தைக் குறைத்து, இறக்கையின் உச்சிக்கு (முன்முனைக்கு) அருகே, சரிவாகத் தேய்த்த அடிப்புறத்தில் மெல்லிய ஊசி வழியே விடுங்கள். சாயப் புட்டியைச் சிறிது நேரம் தொட்டி நீரிலேயே மிதக்கவிட்டால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகும். இல்லையெனில் இழை தானாகவே ஏறும் அல்லது இறங்கும். மின்விசிறியை நிறுத்தி, அரை மணி நேரம் நீர் அடங்கக் காத்திருங்கள். மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டிய வீடென்றால், அதிர்வு எட்டாதபடி தொட்டி பின்னறையில் இருக்கட்டும்.

முதலில் 20 டிகிரியில் இழுத்துப் பாருங்கள். இரு சாய இழைகளும் உச்சியிலிருந்து பின்விளிம்பைத் தாண்டும்வரை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். பின்னர் 30, 35, 40 என்று கோணத்தை உயர்த்துங்கள். 30-ஐ ஒட்டிய ஏதோவொரு கோணத்தில், பின்விளிம்பின் அருகே இழை திடீரென வேகமிழந்து, குமிழாகப் பருக்கும் அல்லது திருகாகச் சுருண்டு கலையும். இதுவே சுழல் சிதைவு. 1961இல் லாம்போர்ன், பிரையர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட புகைப்படத்தில் ஒரே இறக்கையின் ஒரு பக்கம் குமிழும் மறுபக்கம் திருகும் தெரிகின்றன. கோணம் கூடக்கூடச் சிதைவு உச்சியை நோக்கி முன்னேறும். அதற்குப் பின்னாலுள்ள பரப்பில் சுழல் தந்த இழுப்பு குறைந்துவிடும்.

சிதைவுப் புள்ளி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலையும் என்பதால், ஒரே படத்தை அளந்து முடிவுக்கு வராமல், காணொளியின் பல சட்டங்களில் (ஃபிரேம்களில்) அளந்து சராசரி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து முன்னதாகச் சிதைந்தால், மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: ஓட்டத்தை நோக்கித் திரும்பிய பக்கத்தில் பின்சாய்வு குறைந்து, அங்கே சுழல் விரைவில் உடையும்.