ஆடியில் விதைக்காதீர்கள்: மெல்பர்னுக்கு வரும் ஆசிரியர்களுக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டே வளர்ந்தவள் நான். மெல்பர்னுக்கு வந்த முதல் வருடம், ஆடி பிறந்ததும் இங்கே கடையில் வாங்கிய வெண்டை விதையை வாடகை வீட்டின் பின்பக்கம் ஊன்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தால் விதைகள் ஊதி, தொட்டதும் நசுங்கின. இங்கே ஆடி என்பது நடுக்குளிர்காலம். காலை ஏழரைக்குத்தான் விடியும், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். வேலையும் இல்லை, வெளியே போகவும் மனம் வரவில்லை.

அந்தக் குளிரில் நான் செய்த பெரிய தவறு வெண்டை இல்லை. வேலை கிடைக்கட்டும், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்ததுதான். ஆசிரியர் வேலைக்கான காகித வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை உடம்பையும் மனசையும் எங்காவது கட்டிவைக்க வேண்டும். அதற்குத்தான் சொல்கிறேன்: வந்த முதல் மாதத்திலேயே சனிக்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாராவாரம் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் போய் நின்றால், நாலாவது வாரம் யாராவது உங்கள் பெயரைக் கேட்பார்கள்.

முதலில் காகிதம். இதில் சரியாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும். ஆசிரியர் என்ற தகுதியில் குடியேற விண்ணப்பிப்பவர்களின் படிப்பை எய்ட்சல் என்ற தேசிய அமைப்பு மதிப்பிடுகிறது. அது விசாவுக்கு. வகுப்பறைக்குள் நுழைய மாநிலப் பதிவு வேறு. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அதைத் தருவது விஐடி என்ற ஆசிரியர் பதிவு அமைப்பு (நம் வேலூர் விஐடி இல்லை). இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

எய்ட்சல் கேட்பது, கல்லூரிப் படிப்பு மொத்தம் குறைந்தது நான்கு வருடம். அதில் ஒரு வருடமாவது ஆசிரியர் பயிற்சி. நம் பட்டப்படிப்பும் பி.எட்.டும் சேர்ந்தால் இது வந்துவிடும். ஆனால் அந்தப் பயிற்சிக்குள் 45 நாளாவது மேற்பார்வையோடு பள்ளியில் பாடம் நடத்தியிருக்க வேண்டும், அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். நம் மதிப்பெண் பட்டியலில் டீச்சிங் பிராக்டிஸ் என்று ஒரு வரியும் ஒரு மதிப்பெண்ணும்தான் இருக்கும். எத்தனை நாள், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று இருக்காது. எனக்கு அந்தக் கடிதம் வாங்க அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி, நான் படித்த கல்லூரிக்கு மூன்று முறை போய் வந்தார். முதல் முறை நாள் கணக்கு இல்லை, இரண்டாம் முறை முத்திரை இல்லை. நீங்கள் விமானம் ஏறும் முன்பே, கல்லூரி லெட்டர்பேடில், முதல்வர் கையெழுத்தோடு, நாள் கணக்கு, வகுப்பு, பாடம் எல்லாம் குறிப்பிட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு அசல் வாங்குங்கள்.

அடுத்தது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு. வாசிப்பதிலும் எழுதுவதிலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 எடுக்க வேண்டும். நமக்கு எழுத்து பயம் இருக்காது. பேச்சில்தான் பலர் 7.5-இல் நின்றுவிடுகிறார்கள். தினமும் பத்து நிமிஷம் ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் விளக்கிப் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் பலன் உண்டு.

பதிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பள்ளிகளில் எஜுகேஷன் சப்போர்ட் என்ற உதவியாளர் வேலைக்கு ஆசிரியர் பதிவு தேவையில்லை. குழந்தைகளோடு வேலை செய்ய வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்ற பின்னணிச் சரிபார்ப்பு அட்டை இருக்க வேண்டும். ஐந்து வருடம் செல்லும். தன்னார்வலராக எடுத்தால் இலவசம், ஆனால் அதை வைத்துச் சம்பள வேலை பார்க்க முடியாது. இலவச அட்டையோடு வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றுக்குப் போங்கள். விக்டோரியாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வான விசிஇ-யில் தமிழ் ஒரு பாடம். இங்கே பிறந்த பிள்ளைகள் ‘ழ’ சொல்லப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே, இந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள், எதற்கு முகம் வாடும் என்று நீங்கள் கற்றுக்கொள்ளலாம். எனக்கு அதுதான் உண்மையான ஆசிரியர் பயிற்சியாக இருந்தது.

பதிவு வந்ததும் பெரும்பாலும் சிஆர்டி என்ற ஒருநாள் மாற்று ஆசிரியர் வேலைதான் முதலில் கிடைக்கும். காலை ஏழு மணி வாக்கில் போன் வரும். அதற்குள் குளித்து, டிபன் டப்பா கட்டி வைத்திருங்கள். நீங்கள் உள்ளே நுழையும்போது யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, இங்கே அந்த வழக்கமே கிடையாது. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதற்குச் சட்டப்படி தடை. செல்லமாகக் காதைப் பிடிப்பதும் கூடாது. ஒரு பிள்ளை வீட்டில் துன்புறுத்தப்படுகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அதைக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. அது அவர்கள் குடும்ப விஷயம் என்று ஒதுங்க முடியாது. நம் ஊர்ப் பழக்கத்தில் வந்தவர்கள் இதை முதல் நாளே மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி உடம்பு. ஜிம்முக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு மெல்பர்னின் பல பூங்காக்களில் பார்க்ரன் என்ற கூட்டு ஓட்டம் நடக்கிறது. 5 கிலோமீட்டர், முற்றிலும் இலவசம். 2004-இல் லண்டன் புஷி பார்க்கில் தொடங்கியது. ஒரே ஒரு தடவை இணையத்தில் பதிந்து, பார்கோடு ஒன்றை அச்செடுத்துக்கொண்டால் போதும். ஓட வேண்டும் என்பதே இல்லை, நடக்கலாம். எல்லாருக்கும் பின்னால் நடப்பதற்கென்றே டெயில் வாக்கர் என்று ஒரு தன்னார்வலர் வருவார், ஆகவே நீங்கள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடைசி ஆள் நீங்கள் இல்லை. நான் வீலர்ஸ் ஹில்லில் இருக்கும் ஜெல்ஸ் பார்க்கில், சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாகத் தொடங்கினேன். முதல் மூன்று வாரமும் டெயில் வாக்கரோடுதான் நடந்தேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. என் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான்.

வெயிலைப் பற்றி ஒன்று. நமக்குத் தெரியாத வெயிலா என்று தோன்றும். இங்கே ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை புற ஊதாக் கதிர் கடுமை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு ஆசிரியரும் தொப்பி போட வேண்டும். குளிர்காலத்திலோ நேர் எதிர்: நம் கருத்த தோலுக்கு வைட்டமின் டி எளிதில் குறைந்துவிடும். உடம்பு வலி, அசதி என்றால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம். ஊரிலிருந்து விதை கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் மறைத்தால் அபராதம் பெரிது, இந்த மண்ணுக்கும் கேடு. தேவையான விதை இங்கேயே கிடைக்கும். வாடகை வீட்டில் தரையைத் தோண்டும் முன் ஏஜென்டிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதுவரை காய்கறிக் கடையில் பிராக்கோலி வந்த தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்கி, அடியில் நாலு ஓட்டை போட்டால் அருமையான கீரைப் பாத்தி.

பாட்டிங் மிக்ஸ் என்ற தொட்டி மண் கலவை மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தக் கலவையில் லீஜியோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். மூட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். திறந்தவெளியில் பிரித்து, தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியபின் கிளறுங்கள். பழைய வீடு என்றால் ஈயப் பெயின்ட் உதிர்ந்த மண்ணாக இருக்கலாம். மெக்குவாரி பல்கலைக்கழகத்தின் வெஜ்சேஃப் திட்டத்துக்கு மண் அனுப்பிச் சோதிக்கலாம். கீரை தின்னும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சூரியன் இங்கே வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். கறிவேப்பிலைத் தொட்டியை வடக்கு பார்த்த சுவரோரம் வையுங்கள். குளிரில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், வசந்தத்தில் துளிர்க்கும். குளிர் தொடங்கும் முன் கொத்தமல்லியும் வெந்தயமும் போடலாம். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய நாள், நவம்பர் முதல் செவ்வாய். நமக்கு அது ஐப்பசிப் பட்டம்! ஜனவரியில் 40 டிகிரி அடிக்கும் நாள் வரும். வேரடியில் வைக்கோல் மூடாக்குப் போட்டால் தண்ணீர் மிச்சம். தெளிப்பான்களை மாலை 6 முதல் காலை 10 வரைதான் ஓடவிடலாம்; விசை வைத்த கைக்குழாய்க்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. பிரன்ஸ்விக் ஈஸ்டில் செரெஸ் என்ற சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. கல்குவாரியாகவும் பிறகு குப்பைமேடாகவும் கிடந்த நிலம், 1982-இலிருந்து மீட்டெடுத்துத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.

அந்த முதல் கோடையில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டி வேலிக்கு மேலே ஒரு கட்டுக் கீரையை நீட்டினார். வ்லீத்தா என்றார். வாங்கிப் பார்த்தேன்: அதே இலை நரம்பு, கிள்ளினால் அதே வாசம், நம் முளைக்கீரையின் பங்காளி. அவர்கள் வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் பிழிவார்களாம். நான் பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்து, மிளகாய் வற்றல் தாளித்து ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே காகிதத்தில் மடித்த கரிய விதை ஒரு சிட்டிகை. அந்த விதையின் வழிவந்த கீரைதான் இன்றும் என் தெர்மாகோல் பெட்டியில் இருக்கிறது. விதை வேண்டும் என்றால் நவம்பரில் ஒரு சனிக்கிழமை எட்டு மணிக்கு ஜெல்ஸ் பார்க்குக்கு வாருங்கள், பையில் கொண்டு வருகிறேன்.