வாசற்படியிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை: எல்லாருக்கும் இடமுள்ள சபை

ஆராதனைக்கு வருகிறவர்களை எண்ணுகிறோம். வராமல் நின்றுபோனவர்களையும் எண்ண வேண்டும். சபைப் பதிவேட்டை எடுத்து, ஆறு மாதமாக வராதவர்களின் பெயரைக் குறித்து, வீட்டுக்கே போய் என்ன தடை என்று கேளுங்கள். மூட்டுவலி, காது மந்தம், வாசலில் யாரோ கேட்ட கேள்வி என்று பதில் வரும். பெரும்பாலும் சபையே சரிசெய்யக்கூடியவை.

முதலில் படி. சாய்தளத்தின் சரிவு 1:12. மூன்று படிகள் சேர்ந்து 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் 120 செ.மீ., இருபுறமும் கைப்பிடி. இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்தால் சக்கர நாற்காலி பின்னால் சாயும், தள்ளுகிறவருக்கும் பிடி நிற்காது. நேராகப் போக இடமில்லையானால் நடுவில் 150 செ.மீ. சமதளம் விட்டு மடக்கிக் கட்டுங்கள். வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். சிமென்டில் குறுக்குக் கோடு போட்டால் போதும். குருவானவர் அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரி பக்கம் ஒதுக்காமல், எல்லாரும் நுழையும் வாசலிலேயே கட்டுங்கள். உள்ளே நடுவரிசை பெஞ்சு ஒன்றை 90 செ.மீ. குறைத்தால் சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் குடும்பத்தோடு உட்காரலாம்.

செருப்பைக் கழற்றும் கோயில்களில், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்போடு வர அனுமதி உண்டு என்று அறிவியுங்கள். முழங்காலிட முடியாதவர்களுக்குத் திருவிருந்தை அவர்கள் இடத்துக்கே கொண்டுபோங்கள். உயரமான கூரையில் எதிரொலி அதிகம். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சொற்கள் குழம்பும். சிறிய ஒலிபெருக்கிகளைச் சுவரோரம் பல இடங்களில் வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள்.

புதிதாக வந்தவரிடம் "எந்த ஊரு, யார் வீடு?" என்று கேட்காதீர்கள். அன்பாகக் கேட்டாலும் சாதி கேட்பதாகவே அது போய்ச் சேரும். "வாங்க" என்று சொல்லி, அன்றைய பாட்டுப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். எழுப்பி நிற்கவைத்து அறிமுகம் செய்யவும் வேண்டாம். கூச்சமுள்ளவர் மறுவாரம் வரமாட்டார்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. இன்று சுவர் செய்த வேலையைப் பட்டியல்கள் செய்கின்றன. வேதபாடம் வாசிப்பவர், காணிக்கை எடுப்பவர், கமிட்டியில் இருப்பவர் எல்லாம் எந்தத் தெருவினர் என்று ஓராண்டுப் பட்டியலைப் பாருங்கள். ஒரே தெருவாக இருந்தால், "ஆள் கிடைக்கவில்லை" என்பதை ஏற்காமல், பதிவேட்டு எண் வரிசைப்படி முறை வையுங்கள். சபையார் கூடி உண்ணும் அசனத்தில் பந்தி வந்த வரிசையில்; சமைப்பதிலும் பரிமாறுவதிலும் எல்லாத் தெருவாரும் இருக்க வேண்டும். சாப்பிட அழைத்துவிட்டுக் கரண்டியைத் தராதது வரவேற்பு ஆகாது.

கடினமானது கல்லறைத் தோட்டம். இறந்த தேதி வரிசையில் அடக்கம், குடும்பத்துக்கென இடம் ஒதுக்குவதில்லை என்று முடிவெடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால், பிரேதம் வந்து காத்திருக்கும் நேரத்தில் வாக்குவாதம் கிளம்பும். பலமுள்ளவர் சொன்னது நடந்துவிடும். அதனால் சாவு எதுவும் நேராத வேளையிலேயே கமிட்டித் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலைக் குழி தோண்டுகிறவரிடமும் கொடுத்துவையுங்கள்.