உடைந்த கப்பலில் தொடங்குங்கள்: சிறுவர் கடற்கதை எழுதும் முறை

பழைய வணிகப் பாதைகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசனில் தொடங்கிப் போரில் சிக்கிப் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அரசனை விட்டுவிட்டு ஒரு சட்டத்தை எடுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவில், இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் (ஆட்சி 1153–1186) தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகருக்குக் காவல் தரவேண்டும் என்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. கதை இதற்குள்ளேயே கிடக்கிறது. கப்பல் உடைந்து குதிரைகள் கடலோடு போய்விட்டன, கரையொதுங்கியது மூடைகள் மட்டும். அதிகாரி பாதி கேட்பார். வணிகன் கால்தான் என்பான். ஒரு மூடையில் குதிரைக்கான கொள்ளு இருப்பதைப் பத்து வயதுப் பெட்டை ஒருத்தி கண்டுபிடிக்கட்டும். பெரியவர் யாரும் அவளுக்காக முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

இன்னொரு தடயமும் கைகொடுக்கும். அரபுக் கடலின் கப்பல்களில் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்தார்கள். சீனக் கப்பல்களில் இரும்பாணி அடித்தார்கள். பலகை விளிம்பில் வரிசையாகத் துளை தெரிந்தால் கப்பல் வந்த திசை தெரியும். ஊர்காவற்றுறை இருக்கும் அதே தீவின் அல்லைப்பிட்டியில் சொங் அரசமரபுக் காலச் சீன மட்பாண்டத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, ஆகவே பெட்டை சிறுவயதிலிருந்தே சேர்த்துவைத்த ஓட்டுத்துண்டுகளில் சீனக் கிண்ண உடைசலும் இருக்கலாம்.

மாதத்தைக் காற்றைப் பார்த்துக் குறியுங்கள். மேற்குக் கப்பலுக்குத் தென்மேற்குக் காற்றான சோழகம் தணியும் ஆவணி, புரட்டாதி பொருந்தும். கீழ்த்திசைக் கப்பல் வடகிழக்குக் காற்றான வாடையோடுதான் வரும்; அதைச் சோழகத்தில் கொண்டுவந்தால், கடல் தெரிந்த வீட்டுப் பிள்ளை உடனே பிடித்துவிடும்.

பத்து அத்தியாயம், ஒவ்வொன்றும் 800 சொல் போதும். கப்பல் இரண்டாவதிலேயே உடையட்டும். கல்வெட்டின் பங்குக் கணக்கை நாலாவதுக்குள் சொல்லிவிடுங்கள், பிந்தினால் தீர்ப்பு திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும்.

அதிகம் சறுக்குவது சாப்பாட்டிலும் சொல்லிலும்தான். மிளகாய், கச்சான், மரவள்ளி, பப்பாசி, புகையிலை எல்லாம் அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்தவை. கூழுக்கு மிளகைப் போடுங்கள். ஜன்னல், சாவி, மேசை, கதிரை, அலுமாரி போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொற்கள். சாளரம், திறவுகோல் என்று எழுதுங்கள். ஆனால் செந்தமிழில் பேசவைக்க வேண்டாம்: ஆச்சி பெட்டையை "இஞ்ச வா" என்றே கூப்பிடட்டும்.