குரல் கம்மலை நீங்களே கணித்து எழுதுவது எப்படி?

"குரல் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார் மருத்துவர். உங்களுக்கோ பத்து நிமிடம் பேசினாலே தொண்டை இறுகிவிடுகிறது. இதில் யார் சொல்வதும் பொய்யில்லை. அவர் காதில் விழும் கரகரப்பைக் கணிக்கிறார். நீங்கள் அந்தக் குரலை வெளியே கொண்டுவரப் படும் பாட்டை உணர்கிறீர்கள். சிகிச்சைக்கு இரண்டும் வேண்டும். அதனால் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு நோட்டில் 10 செ.மீ. நீளத்துக்கு இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்று கரகரப்புக்கு, மற்றது பேசும் சிரமத்துக்கு. இடது முனை 'துளியும் இல்லை', வலது முனை 'இதைவிட மோசம் இருக்க முடியாது'. எழுந்து அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, மாலையில் ஒரே நேரத்தில் ஒரு முறை, கோட்டில் குறி வையுங்கள். இடது முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டரோ அதுவே மதிப்பெண். நேற்றைய பக்கத்தைப் புரட்டாதீர்கள். பார்த்தால் கை தானாக அதே இடத்துக்குப் போகும்.

குறி வைத்த பிறகுதான் போனில் குரல் பதிவு. விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று முடிந்தவரை நீட்டுங்கள். மூன்று முறை செய்து, நீண்டதன் விநாடிகளைக் குறியுங்கள். பிறகு ஒன்றிலிருந்து இருபது வரை வழக்கமான குரலில் எண்ணுங்கள். 'ஆ' தொடர்ந்து 10 விநாடிகூட நிற்கவில்லையென்றால் குரல்நாண்கள் சரியாக மூடாமல் காற்று வீணாகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மூச்சை அரைகுறையாக இழுத்தாலும் இதே கணக்குத்தான் வரும் என்பதால் ஒரே முயற்சியை நம்பாதீர்கள்.

பதிவைக் கேட்டதும் பலர் பதறுகிறார்கள். பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போவதால் தடித்துக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. அந்த அந்நியத்தனம் நோயல்ல, அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். முதல் வாரப் பதிவையும் மூன்றாம் வாரப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெல்ல மெல்ல ஏறிய கம்மல் காதுக்குப் பழகிப்போயிருக்கும். அதைப் பிடிக்க இதுவே நல்ல வழி. வீட்டில் ஒருவரிடம், எது எந்த நாள் என்று சொல்லாமல், போட்டுக் காட்டுவது இன்னும் நல்லது.

மருத்துவமனையில் குரல் பாதிப்புக் கேள்வித்தாள் தரலாம். 1997இல் வெளியான முழு வடிவத்தில் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 120. பத்துக் கேள்விச் சுருக்கத்தில் மொத்தம் 40. இந்தச் சுருக்கத்தில் பொதுவாக 11ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. அன்றைய குரலை மட்டும் வைத்து நிரப்பாதீர்கள், சில வாரங்களை நினைத்துப் பதில் சொல்லுங்கள். கூட வந்தவர் நிரப்பக் கூடாது. 'வெட்கமாக இருக்கிறதா', 'எரிச்சல் வருகிறதா' போன்ற கேள்விகளை 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று தாண்டுகிறவர்கள் அதிகம். போன் வந்தால் எடுக்கத் தயங்குகிறீர்கள் என்றால் அங்கே பூஜ்யம் போடாதீர்கள்.

காலையில் தெளிவு, மாலையில் சிரமம் என்று கோடு ஏறினால், அன்று எத்தனை மணி நேரம் பேசினீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். குரல் பயிற்சி தருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கம்மல் நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையை உள்நோக்கிக் கருவியால் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்பழக்கம், கழுத்தில் கட்டி, இருமலில் ரத்தம், விழுங்கச் சிரமம், கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த கம்மல் என ஏதாவது இருந்தால் அந்த நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கையில் சத்தம் வந்தால் அன்றே கிளம்புங்கள்.