தீ பிடிக்காமலேயே தீயணைப்பு வண்டியைத் தெருவுக்கு வரவழைப்பது எப்படி?

தீயணைப்பு நிலையத்துக்குள் எப்போதாவது போயிருக்கிறீர்களா? குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பு தலையில் விழும்வரை நானும் போனதில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதுபோல ஒரு தயக்கம். உள்ளே போனால், நிலைய அலுவலர் உட்காரச் சொல்லிவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார்: "எத்தனை வீடு சார்? வண்டி உள்ள வருமா?"

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை, குடியிருப்பு என்று பல இடங்களுக்கும் வந்து செயல்முறை விளக்கம் தருகிறார்கள். விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குக் கட்டணம் கிடையாது. பெரிய விழாவுக்குப் பாதுகாப்பாக வண்டியை நிறுத்தச் சொன்னால் அது வேறு கணக்கு, பணம் கட்ட வேண்டும். முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்காக நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நாள் குறியுங்கள்

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் சேர்த்து ஏற்றியிருந்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அந்த ஏழு நாளும் நிலையத்தார் ஊரெல்லாம் சுற்றுவார்கள். மார்ச் மாதமே சொல்லி வைத்தால் இடம் கிடைக்கும்.

மழைக்கு முன்பு கேட்டால் வெள்ள மீட்பையும் காட்டுவார்கள். மூடிய காலி தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு மிதப்பதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் மட்டும் போய் நிற்காதீர்கள், பாவம்.

2. கடிதம் எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். பெறுநர்: நிலைய அலுவலர், உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையம். "எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள் உள்ளன. தீ விபத்தின்போது செய்ய வேண்டியவை பற்றி இன்ன தேதி காலை 10 மணிக்குச் செயல்முறை விளக்கம் அளிக்கக் கேட்டுக்கொள்கிறோம்." இவ்வளவுதான். முகவரி, ஒரு தொடர்பு எண், மாற்றுத் தேதி ஒன்று. நேரில் கொடுங்கள். நகல் ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நடுவில் ஒரு அழைப்பு வந்தால் வண்டி அப்படியே கிளம்பிவிடும் என்பதை எல்லோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். "பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று முகம் சுளிக்கிற ஆள் எல்லாக் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார்.

3. வண்டியை உள்ளே விடுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சியை வாசலோடு முடித்துக்கொள்ளாமல், வண்டி கடைசி பிளாக் வரை வந்து திரும்பட்டும். எங்கள் வண்டி வாசல் வளைவுக்குக் கீழே நின்றுவிட்டது. அலங்காரத்துக்காக யாரோ தொங்கவிட்டிருந்த இரும்புச் சட்டம் வண்டி மேலிருந்த ஏணியில் தட்டியது. அதைத் தாண்டினால், உள்சாலைத் திருப்பத்தில் 2 கார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஊரில் இல்லை, சாவி அவரிடம். வண்டி 15 நிமிடம் அங்கேயே நின்றது. நிஜமாகவே தீ என்றால் அந்த 15 நிமிடம் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பல கூட்டங்களில் தீராத கார் நிறுத்தும் சண்டை அன்றைக்கே தீர்ந்தது!

4. பொருள்களை எடுத்து வையுங்கள்

மரமோ பந்தலோ இல்லாத திறந்தவெளி, 2 வாளி தண்ணீர், சணல் சாக்கு ஒன்று, மூடியோடு ஒரு பழைய வாணலி. குடியிருப்பில் மாட்டியிருக்கும் தீயணைப்பான்களில் மறுநிரப்பலுக்குக் காலம் வந்தவை இருந்தால், நிரப்பக் கொடுப்பதற்கு முன் இந்த நிகழ்ச்சிக்கு எடுத்துவிடுங்கள். எப்படியும் காலி செய்யப் போகிறவைதானே.

5. வேடிக்கை பார்க்க விடாதீர்கள்

வீரர்கள் செய்வார்கள், நாம் கைதட்டி போட்டோ எடுப்போம். வழக்கமாக இப்படித்தான் முடியும். "நாலு பேர் கையிலயாவது கொடுங்க சார்" என்று முன்பே கேட்டுவிடுங்கள். அந்த நாலு பேரில் வாட்ச்மேனும், பகலில் வீட்டில் இருப்பவர்களும் அவசியம் இருக்க வேண்டும். சங்கத் தலைவர் நம்பர் 5 ஆக வரட்டும்.

தீயணைப்பான்: முதலில் அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியைப் பிடுங்குங்கள். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். புதிதாகப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் மேலே எழும் சுவாலையைத்தான் குறிவைக்கிறார்கள். வீட்டுக்கான சிறிய தீயணைப்பான் சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும், அதனால் முதல் குறியே சரியாக இருக்க வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி: அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடுங்கள், சூடு ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய் நொடியில் ஆவியாகும். ஆவியானதும் சுமார் 1,700 மடங்கு பெருகும். எரியும் எண்ணெய் கூரை வரை எகிறும். இதை வீரர்கள் நீளக் கம்பியில் கட்டிய குவளையால் தூரத்தில் நின்று செய்து காட்டினார்கள். நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

சிலிண்டர்: ரெகுலேட்டர் பக்கம் தீ எரிந்தால் நனைத்த சாக்கை முன்னால் கேடயம்போலப் பிடித்துக் குனிந்தபடி போய், மேலே போட்டு மூடி, ரெகுலேட்டரைத் திருப்பி மூடுகிறார்கள். பார்த்தால் எளிதாகத் தெரியும். எங்கள் மூன்றாவது மாடி அக்கா ஒருவர் முதல்முறை பயந்து பின்வாங்கி, இரண்டாம் முறை செய்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வரிசை நீண்டுவிட்டது. தீ பெரிதாக இருந்தாலோ சிலிண்டர் சூடேறியிருந்தாலோ இந்த வீரமெல்லாம் கூடாது, வெளியே ஓடிவிட வேண்டும் என்பதையும் அவர்களே அழுத்திச் சொன்னார்கள்.

தீ இல்லாமல் வாடை மட்டும் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906க்குக் கூப்பிடுங்கள்.

6. கேள்வி கேளுங்கள்

எங்கள் கூட்டத்தில் நெருப்புக் காயத்துக்குப் பேனா மை, பற்பசை, இட்லி மாவு என்று மூன்று கட்சிகள் இருந்தன. மூன்றும் தோற்றன. 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். புகையில் தவழ்ந்து போக வேண்டும். லிப்ட் பக்கமே போகக் கூடாது.

7. வண்டி போன பிறகு

101, 112 எல்லோருக்கும் தெரியும். நிலையத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணையும் வாங்கி வாட்ச்மேன் அறையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அப்புறம் அவரையே ஒரு தடவை பேசச் சொல்லிப் பாருங்கள், உங்கள் எண்ணுக்குத்தான். எந்த இடம், அருகில் என்ன அடையாளம், என்ன எரிகிறது, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா. இவ்வளவையும் சொல்ல வேண்டும், அவர்கள் வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் எல்லாம் சரியாகச் சொன்னார். தெருப்பெயரை மட்டும் பழைய பெயரிலேயே சொன்னார். இப்போது எண்ணுக்குக் கீழே முழு முகவரியும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.