அவசரமா, முக்கியமா: தோட்ட நோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மேற்பார்வைக்குப் புதிதாக வருகிறவர்களின் நோட்டைப் பிரித்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்துக்கு இருபது வேலை. பாதி அடித்தது, பாதி முந்தாநாளிலிருந்து இழுத்து வந்தது. நோட்டா ஆப்பா, எந்தக் கலர் பேனா என்பதையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அமெரிக்க அதிபர் ஐசனோவர் பேரில் வழங்கும் நான்கு கட்டமும் பலருக்குத் தெரியும்: அவசரமும் முக்கியமும், முக்கியம் மட்டும், அவசரம் மட்டும், இரண்டும் இல்லாதது. கட்டம் போடுகிற வரை எல்லோரும் சரியாகத்தான் போடுகிறார்கள். கோளாறு அதற்கப்புறம்.

போன் அடித்தால் அவசரம் என்று நினைப்பது

உரக்கடையிலிருந்து கூப்பிட்டு, "லோடு ஏத்திடவா, இப்பவே சொல்லுங்க" என்பார்கள். அவசரம் கடைக்காரருக்கு. உங்கள் நோட்டில் எழுதும்முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்று செய்யாவிட்டால் நாளை எது கெடும்? பறித்த பழத்தை அன்றே பல்பரில் (தோல் உரிக்கும் மெஷினில்) போடாவிட்டால் குவியலில் சூடேறிப் புளிக்கும், கொட்டையின் தரம் போகும். அது முதல் கட்டம். பி.எஃப். பணத்துக்குக் கடைசி நாள் 15-ஆம் தேதி. 3-ஆம் தேதி அது முக்கியம் மட்டும். 14-ஆம் தேதி வரை தள்ளினால் அவசரமாக்கியது நீங்கள்.

வேலைக்குப் பதில் தலைப்பு எழுதுவது

"நிழல்" என்று எழுதி வைத்தால் அது ஒரு மாதம் அப்படியே கிடக்கும். "மேல் பிளாக் நிழல் மரம், சில்வர் ஓக், கிளை கழிக்க, மரம் ஏறும் ஆள் இரண்டு பேரிடம் பேசணும்" என்று எழுதினால் அன்றைக்கே நடக்கும்.

இரண்டாம் கட்டத்தில் "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதுவது

இத்தனை பேருக்குச் சொல்லியும் இது மட்டும் ஒழியமாட்டேன் என்கிறது. முக்கியம், ஆனால் அவசரமில்லை என்ற கட்டத்தில் "போரர் செடி பார்க்க" என்று அழகாக எழுதி, பக்கத்தில் "நேரம் கிடைக்கும்போது". தோட்டத்தில் நேரம் எப்போது கிடைத்தது?

போரர் என்பது அராபிகாவின் தண்டைத் துளைக்கும் வண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒருமுறை வெளியே வந்து பறக்கும். பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. செடி பல மாதம் பச்சையாகவே நிற்கும். தண்டில் வரிவரியாகப் புடைப்பு தெரிந்து, இலை மஞ்சளாகும்போது உள்ளே பாதி தின்றிருக்கும். அதனால்தான் பறக்கும் பருவத்துக்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடி செடியாகத் தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும்.

அதே மார்ச்சில்தான் காப்பி பூக்க வைக்கும் பூ மழை வருமா, ஸ்பிரிங்ளர் போடலாமா, கவாத்து முடியவில்லையே என்று தலைக்கு மேல் வேலை. போரர் யாருக்கும் போன் பண்ணாது. ஒரு வாரம் தள்ளும், இன்னொரு வாரம் தள்ளும், ஏப்ரல் பிறந்துவிடும். அப்படித் தள்ளிய ஒரு தோட்டத்தில், அடுத்த வருஷம் மஞ்சளான செடிகளைப் பிடுங்கி ஓரமாகக் குவித்தார்கள். நோட்டில் "பிடுங்க" என்று மட்டும்தான் இருந்தது. எரிக்க யாருக்கும் தோன்றவில்லை. குவியலிலிருந்து வண்டு கிளம்பி நல்ல செடிக்குப் போனது. செத்த இடத்தில் புது நாற்று வைத்தால் முதல் காய்ப்புக்கே மூன்று நான்கு வருஷம்.

தேதி போடும் விதம் இது. 6 அடிக்கு 6 அடி நடவு என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 செடி. 5 ஏக்கருக்கு 6,000. ஒருவர் ஒரு நாளில் எத்தனை செடி பார்க்கிறார் என்று முதல் நாள் எண்ணுங்கள். 500 என்று வந்தால் 12 ஆள்நாள், இரண்டு பேருக்கு 6 நாள். பிடுங்கி எரிக்க 3 நாள், மழைக்கும் ஆள் வராததற்கும் 4 நாள். ஆக 13 நாள். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 19-ஆம் தேதி வரும். ஞாயிறுகளைக் கழித்து 16 என்று வையுங்கள். நோட்டில் வர வேண்டிய வரி: "மார்ச் 16 காலை, கீழ் பிளாக் முதல் வரிசை, இரண்டு ஆள், பிடுங்கி அன்றன்றே எரிக்க." அந்த இரண்டு பேரை வேறு எதற்கும் இழுக்கக் கூடாது. பம்ப் செட் நின்றால்கூட மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.

"யாராவது பாத்துக்கோங்கப்பா"

யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு பேர், ஒரு நேரம், முடிந்ததும் யாரிடம் சொல்ல வேண்டும்: மூன்றும் வேண்டும். மூன்றாம் கட்டத்து வேலைகளில் பாதி சேலம் போய் வருவதுதான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி வந்தால் அரை நாள் போச்சு. லீ பஜார் சாமான், பாங்க், மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றையும் ஒரே நடையில் சேர்த்து, ஒருவரிடம் சீட்டாகக் கொடுத்து அனுப்புங்கள்.

நான்காம் கட்டத்தைப் பரண் ஆக்குவது

அடித்துவிடுங்கள்.

காலையில் வரிசை போடுவது

ஆட்கள் கத்தியோடும் கூடையோடும் எதிரே நிற்கும்போது எல்லாமே அவசரமாகத் தெரியும். முதலில் வாய் திறந்தவர் சொன்ன வேலைக்குத்தான் ஆள் போகும். முந்தின நாள் மாலை, செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எழுதி முடித்த கையோடு போடுங்கள். முதல் கட்டத்தில் மூன்றுக்கு மேல் வந்தால் ஒன்றையாவது மறுபடி கேளுங்கள்: நாளை எது கெடும்?